பெருக்கும் வாரம்

அக்டோபர் 14, சனி

பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. அரிசியும் தயிரும் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தால், எங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. பலகையில் சீமாறு படம் போட்டிருக்கிறது. அதன் கீழே பெரிய எழுத்தில் 'கேர்வோஹெ'. அகராதி பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கேரன் என்றால் பெருக்குவது, வோஹெ என்றால் வாரம். பெருக்கும் வாரம்.

ஜெர்மன் படிக்க ஜெர்மனிக்கே வந்த எனக்கு இந்த ஊர் முதன்முதலாக எழுதிக் கொடுத்த சொல் இது. நன்றாக இருக்கிறது வரவேற்பு.

நான் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. என்னை இங்கே யாருக்கும் தெரியாது. அம்சவேணி என்று என் பெயரைச் சொல்லவே நாக்கு வளைவதில்லை இவர்களுக்கு. அப்புறம் எப்படி, இத்தனை கதவு இருக்க, எங்கள் கதவைத் தேடிப்பிடித்து மாட்டினார்கள்?

பலகையைக் கழற்றிக்கொண்டு கீழே போனேன். தரைத்தளத்தில் வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் ப்ரொய்னிங் குடியிருக்கிறார். அவர் கதவிலேயே மாட்டிவிட்டு வந்தேன். யாரிடம் வைத்துக்கொள்கிறார்கள்? தயிர் சாதம் பிசைந்து சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

காலையில் ப்ரொய்னிங் மேலே வந்தார். வரித்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமையும் இஸ்திரி போட்ட சட்டை. கையில் அந்தப் பலகை.

"ஃப்ராவ் மாரப்பன்" என்றார். ஃப்ராவ் என்பது பெண்களுக்கு மரியாதைச் சொல்; இங்கே அப்பா பெயர்தான் என் பெயர்.

நான் முந்திக்கொண்டேன். இரவே மனதுக்குள் கோர்த்து வைத்திருந்த வாக்கியம். "நான் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருக்கிறேன். உங்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்க வரவில்லை."

அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். "நீங்கள் வரும் சனிக்கிழமை இதை என் கதவில் மாட்ட வேண்டும். ஒரு வாரம் முன்னாலேயே மாட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்" என்றார். பலகையை மறுபடி எங்கள் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து தாரணி வந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். தாரணிதான் இந்த வீட்டில் எனக்கு முன்னாலிருந்து இருப்பவள். இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். தமிழ் மாணவர் வாட்ஸப் குழுவில் 'அறைத் தோழி தேவை' என்று போட்டிருந்தாள். உடுமலைக்காரி என்றதும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

"ஐயோ வேணி, அது எல்லாருக்கும் வர்றது. இந்தப் பக்கத்து வழக்கம். வாரம் ஒரு வீடு. படிக்கட்டு, வாசல், முன்னாடி நடைபாதை எல்லாம் அந்த வீட்டுக்காரங்க பொறுப்பு. முடிஞ்சதும் பலகை அடுத்த கதவுக்குப் போயிரும். ரெண்டாவது மாடி பல் டாக்டர்கூடப் பெருக்குவாங்க."

"டாக்டரா?"

"டாக்டர்தான். நீ இந்தத் தடவ பண்ணீரு. அடுத்த தடவ வரப்ப நான்."

நியாயமாகத்தான் பட்டது. சரி என்றேன்.

அப்புறம் ஊர்க்கதை பேசினோம். அவள் அப்பாவுக்கு உடுமலைக்குத் தெற்கே தென்னந்தோப்பு. "நீங்க டவுன்ல எந்தப் பக்கம்?" என்றாள். சந்தைக்குப் பின்னால் என்றேன். "சந்தைக்குப் பின்னாடின்னா எந்த வீதி?" என்றாள். சொன்னேன். "ஓ" என்றாள். அப்புறம் லேப் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டாள்.

அக்டோபர் 17, செவ்வாய்

முதல் கருத்தரங்கு வகுப்பு. 'ஜெர்மன் அன்றாடப் பண்பாடு.' பேராசிரியர் ஹேபெர்லே, நரைத்த முடி, சிவப்புக் கண்ணாடி. ஆளுக்கு ஒரு ஜெர்மன் வழக்கத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்து பார்த்து, ஜனவரியில் கட்டுரையாக வாசிக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரி மத்தில்டுக்குக் கிறிஸ்துமஸ் சந்தை. போலந்துக்காரன் தோமாஷுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காட்டு நடை. என் முறை வந்ததும் ஹேபெர்லே அம்மாள் முகத்தைச் சாய்த்து, "நீங்கள் இந்தியாவின் வண்ணங்களைப் பற்றிச் சொல்லுங்களேன். திருமணங்கள், சேலைகள். எங்களுக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்" என்றார்.

சேலையைப் பற்றிப் பேசவா கடல் தாண்டி வந்தேன்? மத்தில்டிடம் கேட்டார்களா, உன் ஊர் ரொட்டியைப் பற்றிச் சொல் என்று? நாங்கள் மட்டும் எங்கே போனாலும் எங்களையே அவிழ்த்துக் காட்ட வேண்டும். நான் ஜெர்மன் படித்ததற்குக் காரணமே வேறு. கோவையில் மாலை வகுப்பில் முதல் நாள் ஆசிரியர் என்னை 'ஸீ' என்று கூப்பிட்டார். நீங்கள் என்று அர்த்தம். முன்பின் தெரியாத பெரியவர் எல்லாருக்கும் அதே சொல்தான் என்றார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுகிற வேலை இல்லை. எங்கள் அம்மாவை ஆறு வயதுப் பொடியன்கூட "ஏ, இங்க வா" என்பான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், படித்தால் இதைத்தான் படிப்பேன் என்று.

"கேர்வோஹெ" என்றேன் வாய்க்கு வந்தபடி. வகுப்பே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எழுதட்டும்.

அக்டோபர் 21, சனி

பெருக்கினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

அம்மா என்னைச் சீமாற்றைத் தொட விட்டதே இல்லை. வீட்டுக்குள்கூட. "அதய வெச்சுட்டுப் போய்ப் புஸ்தகத்த எடு" என்பாள். கல்லூரி விடுதியில் என் அறையைத் தோழிகள்தான் கூட்டினார்கள். விமானம் ஏறுகிற அன்றும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊருக்கு வேணாப் போ, சீமாத்த மட்டும் தொட்றாத கண்ணு" என்றாள். தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தான் நான்.

ஆனால் இது எல்லாருக்கும் வருவது அல்லவா? டாக்டருக்கும் வருவது அல்லவா? அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை வந்தேன். எனக்கு வரவே இல்லை. தூசு கிளம்பி என் மூக்கில்தான் ஏறியது. ப்ரொய்னிங் எட்டிப் பார்த்து, மூலைகளைக் கவனியுங்கள் என்றார். மறுபடி செய்தேன்.

தாரணி வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டே பார்த்தாள். "என்ன வேணி இப்படித் தடுமாற்ற? உனக்கு இதெல்லாம் பழக்கம்னு நெனச்சேன்."

எதனால் அப்படி நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. பலகையைக் கொண்டுபோய் ப்ரொய்னிங் கதவில் மாட்டிவிட்டு வந்து, பேருக்கு ஒரு கட்டுரை படித்தேன்.

அக்டோபர் 28, சனி

ப்ரொய்னிங் படிக்கட்டைப் பெருக்கினார். எழுபது வயது ஆள், முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு. கட்டுரைக்காக என்று சொல்லி மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி துவைக்க வேண்டியது அப்படியே கிடந்தது.

நவம்பர் 2, வியாழன்

ரசம் வைத்தேன். தாரணிக்குப் பசியில்லையாம். இந்த வாரம் முழுக்கவே அவளுக்குப் பசியில்லை. கீழே கடையில் ரொட்டி வாங்கிவந்து அறைக்குள் வைத்துச் சாப்பிடுகிறாள்.

நவம்பர் 5, ஞாயிறு

தாரணி அவளுடைய தட்டு, டம்ளர், தோசைக்கல் எல்லாவற்றையும் மேலடுக்குக்கு மாற்றியிருக்கிறாள். இடம் போதவில்லை என்கிறாள். அந்த அடுக்கில் பாதி காலியாகக் கிடக்கிறது. எனக்கென்ன. என்னிடமும் தட்டு இருக்கிறது.

பல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். முட்டி போட்டு உட்கார்ந்து ஈரத்துணியால் படி துடைத்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக ஏறிவந்தேன்.

நவம்பர் 17, வெள்ளி

பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

பலகை போன சனிக்கிழமை வந்துவிட்டது. தாரணியின் முறை. திங்கள் ஞாபகப்படுத்தினேன், "ம்ம்" என்றாள். புதன், "எனக்குத் தூசு அலர்ஜி வேணி" என்றாள். தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தூசு அலர்ஜி. நான் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை.

இன்று சாயங்காலம் ப்ரொய்னிங் வந்தார், நேரே என்னிடம். வாசலில் இலை மக்கிக் கிடக்கிறது என்றார். இந்த முறை என் தோழியுடையது என்றேன்.

"ஆனால் அவர் சொன்னாரே, உங்கள் வீட்டில் இதை எப்போதும் நீங்கள்தான் செய்வீர்கள் என்று" என்றார் அந்த மனுஷர். அவர் முகத்தில் துளி விஷமம் இல்லை. "உங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவுத் தொழிலில் இருக்கிறதாமே. உங்களுக்கு இதில் சிரமமே கிடையாது என்றார். அழகான விஷயம். எங்கள் தாத்தாவும் அவருடைய தாத்தாவும் ரொட்டி சுடுபவர்கள்."

ரொட்டி சுடுபவர்கள்.

ஒரு சொல் வரவில்லை எனக்கு. ஐந்து வருடம் படித்த மொழி. காய்கறிக்கும் காதலுக்கும் ரயில் தாமதத்துக்கும் சொல் தெரியும். இதற்குத் தெரியவில்லை. அவர் என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். போகும்போது பணிவாகவே ஒன்று சொன்னார்: வாடகை ஒப்பந்தம் ஜனவரியோடு முடிகிறது, பெருக்கும் வாரத்தைத் தவறவிடும் வீட்டுக்கு நீட்டிக்க முடியாது.

இந்த அறை போனால் வேறு அறை இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளே நண்பர்கள் வீட்டு சோபாவில் படுத்துக் கிடக்கிறார்கள். முகவரி இல்லை என்றால் விசா இல்லை. விசா இல்லை என்றால் படிப்பைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குத்தான்.

நவம்பர் 18, சனி

கேட்டேன். நேருக்கு நேர் கேட்டேன்.

"அவர்கிட்ட என்ன சொன்ன?"

"உள்ளதத்தான சொன்னேன். உங்கம்மா முனிசிபாலிட்டிலதான இருக்காங்க? அப்பா விசாரிச்சுச் சொன்னாரு."

"எங்கம்மா வேலைக்கும் உன் வாரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"தப்பா எடுத்துக்காத வேணி. நான் சாதியெல்லாம் பாக்கறவளே இல்ல. பாத்திருந்தா உன்கூட ஒரே வீட்ல இருப்பனா? எங்க வீட்ல நாங்க யாரும் சீமாறு தொட்டதில்ல, அவ்ளோதான். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு? உனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே."

எனக்கு அப்படி ஒன்றும் இல்லையாம். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். ப்ரொய்னிங்கின் காலடி கீழே கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் சீமாற்றை எடுத்தேன். அவள் வாரத்தை நான் பெருக்கினேன். படிக்குப் படி அவளையும் அவள் அப்பனையும் திட்டிக்கொண்டே பெருக்கினேன். இந்தத் தடவை மூலையெல்லாம் சுத்தமாக வந்தது. அதற்காகவே என் கையை உடைத்துப் போடலாம் போலிருந்தது.

நவம்பர் 19, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், கூட இருக்கிற புள்ள நல்லா வெச்சுக்குதா என்றாள். நல்லா வெச்சுக்குதும்மா என்றேன்.

நவம்பர் 29, புதன்

நூலகம். கட்டுரைக்கு விவரம் தேடினேன். ஐந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே இந்தப் பக்கத்தில் உத்தரவு போட்டிருக்கிறார்கள்: ஊர் சுத்தமாக இருக்க, அவரவர் அழுக்கை அவரவர் அப்புறப்படுத்த வேண்டும். அவரவர் அழுக்கை அவரவர். இதற்கு ஒரு மகானும் பிறக்கவில்லை, போராட்டமும் நடக்கவில்லை. சும்மா ஒரு நகராட்சி உத்தரவு.

ஹேபெர்லே எதிரே வந்தார். "ஒப்பிட்டுச் சொல்ல உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்குமே" என்றார். யோசிக்கிறேன் என்றேன். இந்த முறை அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு மிச்சம் வைக்கவில்லை தாரணி.

டிசம்பர் 9, சனி

பலகை வந்தது. கழற்றிக்கொண்டு போய் தாரணியின் அறைக் கதவில் மாட்டினேன். "போன தடவயும் உன்னோடது. இந்தத் தடவயும் உன்னோடதுதான்" என்றேன். ஒரு மணி நேரத்தில் பலகை வெளிக்கதவில் இருந்தது. மறுபடி அவள் கதவில் மாட்டினேன். மறுபடி வெளியே. நாள் முழுக்க இதே கூத்து.

டிசம்பர் 15, வெள்ளி

நேற்றிலிருந்து பனி கொட்டுகிறது. நடைபாதையை யாரும் வழிக்கவில்லை. தாரணி பூட்ஸைப் போட்டுக்கொண்டு பனியை மிதித்துக்கொண்டே லேப்புக்குப் போனாள். கீழே பனி வழிக்கும் மண்வெட்டி சுரண்டும் சத்தம். ப்ரொய்னிங்தான். வயதானவர். எழுந்து போய் வாங்கலாம் என்று கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அறை போனால் போகட்டும்.

டிசம்பர் 16, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ப்ரொய்னிங் வந்து நின்றார். மூக்கு சிவந்திருந்தது, கையில் மண்வெட்டி. பல் டாக்டர் வாசலில் வழுக்கி, நல்லவேளையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். "இந்த வாரம் யாருடையது? இன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்றார்.

"கொஞ்சம் இருங்கள்" என்று தாரணியின் கதவைத் தட்டினேன். வந்தாள். அவரைப் பார்த்ததும் சிரித்தாள். ஆங்கிலத்தில், "நான் ஏற்கெனவே சொன்னேனே, வேணிதான்..." என்று ஆரம்பித்தாள்.

"இரு" என்றேன். "அன்னைக்கு அரைகுறையாச் சொல்லியிருக்க. அவருக்குப் புரியல. ரொட்டி சுடற மாதிரின்னு நெனச்சுக்கிட்டாரு. இன்னிக்கு முழுசாச் சொல்லு. எங்க வீட்ல ஏன் சீமாறு தொடணும், உங்க வீட்ல ஏன் தொடக் கூடாது. உன் தட்டு ஏன் மேலடுக்குக்குப் போச்சு. எல்லாத்தையும் தமிழ்லயே சொல்லு. நான் ஜெர்மன்ல சொல்றேன். அதுக்குத்தான படிக்கறேன். ஒரு சொல் விடாமச் சொல்லுவேன்."

அவள் முகம் செத்துப்போயிற்று. "வேணி, என்ன இது, வெளியாளு முன்னாடி."

"வெளியாளு முன்னாடித்தான் நீ ஆரம்பிச்ச."

ப்ரொய்னிங் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர் காரணம் சொல்லப் போகிறார், நான் மொழிபெயர்க்கப் போகிறேன்" என்றேன் அவரிடம், ஜெர்மனில்.

"கேட்கிறேன்" என்று மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றார். ஆர்வமாகத்தான் நின்றார். மனுஷருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

தாரணி வாயைத் திறந்தாள். மூடினாள். என்னிடம் கூசாமல் சொன்னதை அவரிடம் சொல்ல அவளால் முடியவில்லை. தன் காதுக்கே அது எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் தெரிந்ததோ என்னவோ. அவளுக்காகப் பாவப்பட எனக்கு நேரமில்லை. "சொல்லு" என்றேன். "சொல்லு, தாரணி."

அவள் குனிந்து பூட்ஸை மாட்டினாள். அவரைத் தாண்டிப்போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"காரணம் என்ன ஆயிற்று?" என்றார் ப்ரொய்னிங்.

"காரணம் ஒன்றும் இல்லை" என்றேன். "அவருடைய வாரம்தான்."

அவர் போகத் திரும்பினார். போகவிடவில்லை நான். "ஹெர் ப்ரொய்னிங், என் அம்மா தெருப் பெருக்குபவர். எங்கள் குடும்பத்துக்கு அது தொழில்மரபு இல்லை. வேறு எதையும் செய்ய எங்களை விடவில்லை" என்றேன். வெகு நாளாகத் தேடின வாக்கியம். அவர் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம், "நான் அழகான விஷயம் என்று சொன்னேன்" என்றார் மெல்ல. "ஆமாம், சொன்னீர்கள்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மதியம் அம்மா கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"ஐயோ, பண்ணாடி வூட்டுப் புள்ளையவா கண்ணு? அவிய இங்க வந்து ஏதாச்சும் சொன்னாங்கன்னா?" என்றாள். தோப்பு வைத்திருப்பவர்களைப் பண்ணாடி என்றே கூப்பிட்டுப் பழகியவள். நான் எங்கே இருந்தாலும் அந்தப் பயம் விடவில்லை அவளை. நான் கத்தினேன். நான் கத்தி முடிக்கும் வரை இருந்துவிட்டு, "நீ தொட்டியா?" என்றாள்.

"தொட்டேம்மா."

ஃபோனில் அவளுக்குப் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"என் வாரத்துக்குத்தாம்மா. இங்க எல்லாருக்கும் ஒரு வாரம். பல்லு டாக்டரம்மா முட்டி போட்டுத் தொடைக்கறாங்க. நான் பாத்தேன்."

"டாக்டரம்மாவா?"

"ஆமா."

"வாரம் முடிஞ்சா அந்தப் பலகைய என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த வூட்டுக் கதவுல மாட்டிருவோம்."

"அவிய வாங்கிக்குவாங்களா?"

"வாங்கிக்குவாங்கம்மா."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. "நம்ம வூட்டுக் கதவுல மாட்டுனவன் இன்னும் எடுக்கவே வர்லியே கண்ணு."

அப்புறம், உன் வாரத்துக்கு நீ பெருக்கிக்கோ, அடுத்தவ வாரத்தத் தொடாத என்றாள். அரிசி ஊறப் போட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 6, சனி

ஹேபெர்லே கட்டுரைத் தலைப்பு கேட்டு எழுதியிருந்தார். கதவைப் பற்றி அம்மா சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து அனுப்பினேன்.

பலகை வந்திருக்கிறது. என் வாரம்.